ஈறும் சர்க்கரையும் ஒரே வேரா? ஒரு மரபணுப் பரிசோதனையை வாங்கிப் பார்த்த அனுபவம்

அறிக்கையின் 14ஆம் பக்கத்தில் ஒரு சிவப்புப் பட்டை இருந்தது. அதன் ஒரு முனையில் பல் படம், மறு முனையில் ஒரு துளி ரத்தம். பட்டைக்குள் 'ஈறு நோய்க்கும் நீரிழிவுக்கும் உங்களிடம் உள்ள பொதுவான மரபணு ஆபத்து: அதிகம்' என்று எழுதியிருந்தது. படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது.

அம்மாவுக்கு 48 வயதில் கீழ்வரிசையில் ஒரு பல்கூடக் கிடையாது. சொத்தைப் பல்லே இல்லாத வாய் அது. நல்ல வெள்ளைப் பற்கள், ஒவ்வொன்றாக ஆடி ஒவ்வொன்றாகக் கழன்றன. "வயசானா பல்லு போகத்தானே செய்யும்" என்பாள். 48 எல்லாம் ஒரு வயதா? அதற்கும் மூன்று வருடம் கழித்துத்தான் அவளுக்குச் சர்க்கரை நோய் இருப்பதே தெரிந்தது. அதற்குமுன் எத்தனை வருடம் தெரியாமல் இருந்ததோ. எனக்கு 41 வயதில் சர்க்கரை வந்தது. ஐந்து வருடம் போனதும் பல் தேய்க்கும்போதெல்லாம் ரத்தம். போன வருடம் ஒருநாள் இரவு, கீழ் முன்பல் ஒன்றை நாக்கால் தள்ளினால் லேசாக அசைவது போலத் தெரிந்தது. அன்று எனக்குத் தூக்கமே இல்லை.

இது அம்மாவிடமிருந்து வந்ததா, நானே வரவழைத்துக்கொண்டதா? இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பரிசோதனையை வாங்கினேன். நான் கணக்கு டீச்சர். கையில் ஒரு எண் இருந்தால் மனது கொஞ்சம் அடங்கும். நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இந்த மாதிரிப் பரிசோதனையை யார் விற்றாலும் எதைப் பார்த்து வாங்க வேண்டும், எதை நம்ப வேண்டும் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் எச்சில் குழாய். பெட்டியில் ஒரு குழாய், மூடியில் நீல நிறத் திரவம், ஒரு சிறு குறிப்புத்தாள். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல், பல் தேய்க்காமல் இருந்துவிட்டு, கோடு வரைக்கும் 2 மில்லி எச்சில் துப்ப வேண்டும். நுரை கணக்கில் சேராது. சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலருக்கு வாய் உலர்ந்தே இருக்கும். எனக்கும் அப்படித்தான். அந்த 2 மில்லியைச் சேர்க்க 25 நிமிடம் ஆனது. அதிலும் இளஞ்சிவப்பாக ரத்தம் கலந்திருந்தது. இது மாதிரியைக் கெடுத்துவிடுமா என்று குறிப்புத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு வரி இல்லை. உதவி எண்ணில் கேட்டதற்கு நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: 'உங்கள் மாதிரி பரிசீலனையில் உள்ளது.'

பத்து நாளில் இன்னொரு தகவல். போதிய டி.என்.ஏ. கிடைக்கவில்லை, மறுபடி அனுப்புங்கள் என்று. இரண்டாம் முறை, கன்னத்தை வெளியிலிருந்து விரலால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே துப்பினேன். எச்சில் நன்றாக ஊறியது. இதைச் சொல்லிக்கொடுத்தது என் பல் மருத்துவமனை நர்ஸ்தான், நிறுவனம் இல்லை. எச்சிலில் கிடைக்கும் மனித டி.என்.ஏ.வில் பெரும்பங்கு வெள்ளையணுக்களிலிருந்து வருகிறது. கொஞ்சம் ரத்தம் கலந்ததால் ஒன்றும் ஆகாது என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஈறு நோய்க்கும் சர்க்கரைக்கும் என்றே விற்கிற பரிசோதனை இது. ஈறில் ரத்தம் வரும், வாய் உலர்ந்திருக்கும் என்று அந்தக் குறிப்புத்தாளை எழுதியவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இதைவிடப் பெரிய குறை விண்ணப்பத்தில் இருந்தது. வயது, பாலினம், உயரம், எடை கேட்டார்கள். ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கவில்லை. புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்கவில்லை. அப்பா அம்மாவுக்குப் பல் எந்த வயதில் போனது என்றும் கேட்கவில்லை. விளைவு? ஐந்து வாரம் கழித்து வந்த 23 பக்க அறிக்கை, ஆறு வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற எனக்கு, 'எதிர்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரக்கூடும்' என்று எச்சரித்தது.

சரி, அந்தச் சர்க்கரைப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் முதலிடம் டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவுக்கு. இது உண்மையிலேயே முக்கியமான மரபணு. 2006இல் ஐஸ்லாந்தில் செய்த ஆய்வில் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் வகை நீரிழிவோடு தொடர்புள்ள பொதுவான மரபணு மாற்றங்களில் இதன் தாக்கம்தான் பெரியவற்றுள் ஒன்று. ஆபத்தைக் கூட்டும் அந்த மாற்றம் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறதாம். 'சராசரியைவிட 1.4 மடங்கு ஆபத்து' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் எனக்குள் இருக்கும் டீச்சர் பேசியே ஆக வேண்டும். 1.4 மடங்கு என்றால் எதைப்போல் 1.4 மடங்கு? உதாரணத்துக்கு, 100 பேரில் 10 பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால் அது 14 பேர் ஆகிறது. மீதி 86 பேருக்கு, அதே மரபணு இருந்தும், வருவதில்லை. அடிப்படை எண்ணைச் சொல்லாமல் மடங்கை மட்டும் சொல்வது, கேள்வியைக் கொடுக்காமல் விடையைக் கொடுப்பது மாதிரி. பயம்தான் மிஞ்சும். பத்தாம் வகுப்புப் பிள்ளை இப்படி விடை எழுதினால் நான் முழு மதிப்பெண் போடமாட்டேன். தவிர, இரண்டாம் வகை நீரிழிவு ஒரு மரபணுவின் வேலையே இல்லை. 25 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைச் சேர்த்து 2024இல் வெளியான ஆய்வில், அதோடு தொடர்புள்ள இடங்கள் மரபணுத்தொகுதியில், அதாவது மனிதனின் மொத்த டி.என்.ஏ.வில், 611 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றைப் பிடித்துத் தடித்த எழுத்தில் போடுவது நியாயமாகத் தெரியவில்லை.

அடுத்தது ஈறுப் பக்கம். அங்கே கதாநாயகன் ஐஎல்-1. கிருமி வந்தால் உடல் சுரக்கும் அழற்சிச் சமிக்ஞை இது. இந்த மரபணுவில் இரண்டு குறிப்பிட்ட மாற்றங்கள் சேர்ந்திருந்தால், புகைபிடிக்காதவர்களிடையே கடுமையான ஈறு நோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்று 1997இல் ஓர் ஆய்வு வந்தது. அதை வைத்துப் பரிசோதனைகளும் சந்தைக்கு வந்தன. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகள் ஒன்றுபோலச் சொல்லவில்லை. சிலவற்றில் தொடர்பு தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. சீன வம்சாவளியினரில் இந்தச் சேர்க்கையே மிக அரிது. ஆனால் ஈறு நோய் அவர்களுக்கும் வரத்தான் செய்கிறது. இவ்வளவு கதை இருக்கும்போது என் அறிக்கை 1997ஐ மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. 2017இலும் 2019இலும் வந்த பெரிய மரபணுத்தொகுதி ஆய்வுகளில் தெரியவந்த சிக்லெக்5 பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெள்ளையணுக்களின் மேல் இருந்து அவற்றின் வேகத்தை அடக்கும் ஏற்பி அது. ஈறு நோய்க்குச் சொல்லத்தக்க தொடர்பு காட்டிய வெகு சில மரபணுக்களில் ஒன்று.

அந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த ஒரே பத்தி இரட்டையர் ஆய்வைப் பற்றியது. 2000இல் வெளியானது. 117 ஜோடி இரட்டையர்களின் ஈறுகளை அளந்து, ஒரே கருவிலிருந்து பிறந்த ஜோடிகளையும் வெவ்வேறு கருவிலிருந்து பிறந்த ஜோடிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எலும்பு வரை போகிற ஈறு நோயில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபால் வருவது என்று தெரிந்தது. வெறும் ஈறு வீக்கத்துக்கு அப்படி மரபுத் தாக்கம் தெரியவில்லை; பல் துலக்குவது போன்ற பழக்கங்களே அதை விளக்கிவிட்டன. இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பாதி' என்பது பலருக்கிடையே உள்ள வித்தியாசத்தில் பாதி. என் வாயில் உள்ள நோயில் பாதி அம்மா கொடுத்தது, பாதி நான் சம்பாதித்தது என்று பங்கு பிரிக்க அந்த எண் உதவாது. நானும் முதலில் அப்படித்தான் பங்கு பிரித்துப் பார்த்தேன்.

இப்போது அந்த 14ஆம் பக்கம். ஈறையும் சர்க்கரையும் ஒரே பட்டையில் கட்டிய பக்கம். ஆதாரமாக அவர்கள் காட்டியது ஒன்பதாம் குரோமோசோமின் குறுங்கையில் உள்ள 9பி21 என்ற பகுதி. பிரபலமான பகுதிதான். மாரடைப்போடும் இரண்டாம் வகை நீரிழிவோடும் தொடர்புடைய மாற்றங்கள் அங்கே இருப்பது 2007இல் தெரிந்தது. 2009இல், அதே பகுதியில் உள்ள ஆன்ரில் என்ற மரபணுவுக்கும் கடுமையான ஈறு நோய்க்கும் தொடர்பு இருப்பதை ஒரு ஜெர்மன் குழு வெளியிட்டது. சரிதானே, இரண்டும் ஒரே இடம்தானே என்று எனக்கும் தோன்றியது.

அப்புறம்தான் மரபணு ஆலோசகரோடு பேசினேன். இந்தச் சேவையில் நான் மனதார நன்றி சொல்ல வேண்டிய ஒருவர் உண்டென்றால் அவர்தான். அறிக்கையோடு ஒருமுறை தொலைபேசி ஆலோசனை உண்டு. 20 நிமிடம் என்று போட்டிருந்தார்கள், அவர் 45 நிமிடம் பேசினார். முதல் கேள்வியே, "உங்களுக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கா?" விண்ணப்பத்தில் இருந்திருக்க வேண்டிய கேள்வி.

9பி21 பற்றிக் கேட்டேன். "ஒரே தெருதான் மேடம், ஆனா வேற வேற வீடு" என்றார். ஈறு நோயோடும் இதய நோயோடும் தொடர்புள்ள மாற்றங்கள் ஒரு துண்டில் இருக்கின்றன. நீரிழிவோடு தொடர்புள்ளது பக்கத்துத் துண்டில் இருக்கிறது. இவை ஒன்றாகவே பரம்பரையில் இறங்குவதில்லை. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் அந்த இடம் இதயத்தையும் ஈறையும் வேண்டுமானால் சேர்த்துக் காட்டுமே தவிர, ஈறையும் சர்க்கரையும் கட்டிப்போட அது போதாது. அந்தச் சிவப்புப் பட்டைக்குக் கீழே இருந்த ஒரே தூண் இதுதான். அதுவும் போய்விட்டது.

"அப்போ எங்க அம்மாவுக்கும் எனக்கும் ரெண்டுமே வந்தது எப்படி?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உடைந்திருக்கும் போல. அவர் அவசரப்படாமல் சொன்னார். சில ஈறு நோய்கள் ஒரே மரபணுவால் வருவது உண்டு: பாப்பியோன்-லெஃபெவ்ர் என்று ஒன்று, கதெப்சின் சி என்ற நொதியின் மரபணு கெட்டுப்போவதால் வருகிறது, 1999இல் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு உள்ளங்கையும் பாதமும் தடித்திருக்கும், பால்பல்லும் நிரந்தரப் பல்லும் இரண்டுமே விழுந்துவிடும். மிகமிக அரிது. நமக்கெல்லாம் வருவது அந்த ரகம் இல்லை. சர்க்கரைப் பக்கம் உள்ள பெரிய மரபணுக்கள் பெரும்பாலும் கணையத்தில், இன்சுலின் சுரப்பில் வேலை பார்க்கின்றன. ஈறுப் பக்கம் சந்தேகிக்கப்படும் மரபணுக்கள் பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தியில். இரண்டும் சந்திப்பது எங்கே என்றால், ரத்தத்தில்.

இதை அவர் விளக்கிய விதம் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் அது புரதங்களோடு ஒட்டி ஏஜிஇ எனப்படும் பொருள்களாக மாறுகிறது. அவை ஈறுத் திசுவிலும் படிகின்றன. அவற்றைப் பிடித்துக்கொள்ள அங்குள்ள செல்களின் மேல் ரேஜ் என்ற ஏற்பி இருக்கிறது. அது பிடித்ததும் ஐஎல்-1, ஐஎல்-6, டிஎன்எஃப் என்று அழற்சிச் சுரப்புகள் கொட்டுகின்றன. அதே ஐஎல்-1! அந்த மரபணு என்னிடம் எந்த வடிவத்தில் இருந்தாலும், சர்க்கரை கட்டுமீறினால் அதன் குழாய் திறந்துகொள்கிறது. இந்த அழற்சி, எலும்பைக் கரைக்கிற செல்களைத் தூண்டிவிடுகிறது. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு இறங்குகிறது. பிறகு எதிர்த்திசையிலும் நடக்கிறது: ஈறில் சுரந்த டிஎன்எஃப் ரத்தத்தில் கலந்து, தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரியாகப் பதில் கொடுக்காதபடி தடுக்கிறது. சர்க்கரை இன்னும் ஏறுகிறது. இப்படி ஒன்று மற்றொன்றுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கிறது.

மரபணு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று நான் விடாமல் கேட்டதற்கு அவர் பீமா மக்களைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடியினரிடம் இரண்டாம் வகை நீரிழிவு மிக அதிகம். எல்லைக்கு அப்பால் மெக்சிகோ மலைப்பகுதியிலும் அவர்களுக்கு மரபில் நெருங்கிய பீமாக்கள் இருக்கிறார்கள். 2006இல் வெளியான ஒப்பீட்டில் அரிசோனாவில் 38 சதவீதம் பேருக்கு நீரிழிவு, மெக்சிகோவில் 6.9 சதவீதம். உடலுழைப்பும் வாழும் முறையும்தான் பெரிய வித்தியாசம். அதே அரிசோனா மக்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு 1996இல் வந்தது. ஆரம்பத்தில் கடுமையான ஈறு நோய் இருந்த நீரிழிவாளர்களுக்குப் பின்னால் சர்க்கரைக் கட்டுப்பாடு மோசமாகும் வாய்ப்பு அதிகம் என்று அது காட்டியது. ஈறும் சர்க்கரையும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதற்கு அந்த மக்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் பெரிய சாட்சி. இந்த 45 நிமிடத்துக்காக மட்டும் என்றால் அந்தச் சேவையை நான் யாருக்கும் பரிந்துரைப்பேன்.

இனி நான் ஒப்பிட வேண்டியது, அதே மாதத்தில் ஈறு மருத்துவர் செய்த இன்னொரு பரிசோதனையை. அதற்கு ஆய்வகம் வேண்டாம், ஐந்து வாரக் காத்திருப்பு வேண்டாம். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி அளக்கிறார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம். என்னிடம் 27 பற்கள், ஆக 162 எண்கள். 3 மில்லிமீட்டர் வரை சரி. அதற்குமேல் போனால் பாக்கெட், அதாவது ஈறு பல்லைவிட்டு விலகி உண்டான பள்ளம். மருத்துவர் எண்களைச் சொல்லச்சொல்ல உதவியாளர் எழுதுகிறார். "மூணு, ரெண்டு, மூணு… நாலு, அஞ்சு, ஏழு." ஏழு என்று கேட்டபோது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். 162இல் 38 இடங்களில் 5 மில்லிமீட்டருக்குக் குறையவில்லை. எந்தப் பல்லின் எந்தப் பக்கம் என்று அட்டையில் அப்படியே இருந்தது. என் எதிர்காலத்தைப் பற்றி அந்த அட்டை எதுவும் ஊகிக்கவில்லை. இன்றைக்கு என்ன இருக்கிறது என்று சொன்னது.

ஈறு நோயை இப்போது நிலையாகவும் தரமாகவும் பிரிக்கிறார்கள். 2017இல் நடந்த உலகப் பயிலரங்கில் முடிவாகி அடுத்த வருடம் வெளியான முறை அது. ஒன்று முதல் நான்கு வரை நிலை: எவ்வளவு சேதம் என்பது. ஏ, பி, சி என்று தரம்: எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது. தரத்தை உயர்த்தும் காரணங்களாக இரண்டை அதில் எழுதியிருக்கிறார்கள்: புகை, சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சி தரம். என்னுடையது 8.1. மூன்றாம் நிலை, சி தரம். அந்த அட்டவணையில் எந்த மரபணுவுக்கும் இடம் ஒதுக்கவில்லை என்பதை மருத்துவரே சுட்டிக்காட்டினார். அறிக்கையை நீட்டியபோது பொறுமையாகப் படித்தவர், "இதுல எது வந்தாலும் நான் செய்யப்போற வைத்தியம் மாறாதும்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக 23 பக்கத்தையும் மறுபடி புரட்டிப் பார்த்தேன். உண்மைதான்.

டீப் கிளீனிங் நான்கு தடவையாகச் செய்தார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரில் ஒட்டியிருந்த காறையைச் சுரண்டி எடுத்தார்கள். பல்லிடுக்குக்கென்று சிறிய பிரஷ் கொடுத்து, எந்த இடுக்குக்கு எந்த அளவு என்று கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி 162 எண்கள். 38 என்பது 11 ஆகியிருந்தது. அசைந்த அந்த முன்பல் இப்போது உறுதியாக இருக்கிறது. ஹெச்பிஏ1சி 7.5.

இந்த 0.6 குறைந்தது முழுக்க ஈறு வைத்தியத்தால்தான் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மாத்திரை மாறவில்லை, ஆனால் அந்த மூன்று மாதமும் தினமும் நடந்தேன். பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆய்வுகளும் நேர்கோடாகப் போகவில்லை. 2013இல் 514 பேரிடம் செய்த ஒரு பெரிய ஆய்வில், ஆறு மாதத்தில் சர்க்கரையில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. வைத்தியத்துக்குப் பிறகும் அவர்களின் ஈறு வீக்கம் போதிய அளவு அடங்கவில்லை என்று அதன்மேல் விமர்சனம் உண்டு. 2018இல் 264 பேரிடம் தீவிரமாக வைத்தியம் செய்து ஒரு வருடம் கவனித்ததில், மேலோட்டமாகச் சுத்தம் செய்த குழுவைவிட ஹெச்பிஏ1சி 0.6 குறைவாக இருந்தது. 35 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2022ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பு, மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.43 குறைவதாகச் சொல்கிறது. சின்ன எண்தான். ஆனால் சர்க்கரை நோயோடு வாழ்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு புள்ளியைக் குறைக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்று. ஈறு நோயை 'நீரிழிவின் ஆறாவது சிக்கல்' என்று ஹரால்ட் லோ 1993லேயே எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக்குழாய்கள், ஆறாத புண் ஆகிய ஐந்தோடு ஆறாவதாக. என் கண்ணையும் சிறுநீரகத்தையும் வருடா வருடம் பார்க்கச் சொன்ன சர்க்கரை மருத்துவர்கள் யாரும் ஆறு வருடத்தில் வாயைத் திறக்கச் சொன்னதில்லை. இதை நான் ஆதங்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அப்படியானால் அந்த மரபணு அறிக்கையால் ஒரு பயனும் இல்லையா என்றால், ஒன்று உண்டு. அது அண்ணனை நகர்த்தியது. அண்ணனுக்கு 52 வயது. இரண்டு கடைவாய்ப் பல் ஏற்கெனவே போயாயிற்று, மூன்றாவது ஆடிக்கொண்டிருந்தது. "எனக்குச் சர்க்கரையெல்லாம் கிடையாது, நீ போ" என்பான். பரிசோதனை செய்ததே கிடையாது. அறிக்கையை அவனிடம் காட்டினேன். சிவப்புப் பட்டையைக் காட்டிப் பயமுறுத்தவில்லை. அது தப்பு என்று எனக்கே தெரிந்த பிறகு அதை வைத்து அவனை இழுப்பது சரியில்லை. அதற்குப் பதில் ஆலோசகர் என்னிடம் வரையச் சொன்ன குடும்பப் படத்தைக் காட்டினேன். அம்மா, பல் போன வயது, சர்க்கரை தெரிந்த வயது. நான், பல் ஆடிய வயது, சர்க்கரை தெரிந்த வயது. அவன் பெயருக்குக் கீழே இரண்டு கட்டம் காலி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "சரி, எப்ப போகணும் சொல்லு" என்றான். ஹெச்பிஏ1சி 6.3 வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. மாத்திரை இல்லாமலே திருப்பக்கூடிய இடத்தில் நிற்கிறான். அந்தக் குடும்பப் படத்துக்கு எச்சில் தேவைப்படவே இல்லை. ஒரு தாளும் பேனாவும் போதுமாக இருந்தது. ஆனாலும் அதை வரைய வைத்தது இந்தச் சேவைதான், அதை மறைக்க மாட்டேன்.

தரவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வாங்கும்போது 'ஆய்வுக்குப் பயன்படுத்தச் சம்மதம்' என்ற கட்டத்தில் அவர்களே முன்கூட்டி டிக் போட்டு வைத்திருந்தார்கள். நான் கவனித்து எடுத்தேன், எல்லோரும் கவனிப்பார்களா தெரியாது. இந்தத் துறையில் மிகப் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனமான 23அண்ட்மீயிலேயே 2023இல் ஏறக்குறைய 69 லட்சம் பேரின் தகவல்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அது திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், மரபணுவை மாற்றிக்கொள்ள முடியாது. அதுவும் என் மரபணு எனக்கு மட்டும் சொந்தமில்லை, பாதி அண்ணனுடையதும்கூட. வாங்குகிறவர்கள் மாதிரியை அழிக்கும் வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் அழிக்கச் சொல்லி எழுதினேன். பதினெட்டு நாளில் அழித்துவிட்டதாகப் பதில் வந்தது. இதில் அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: எச்சில் பெட்டிக்கும் குறிப்புத்தாளுக்கும் ஐந்துக்கு ஒன்றரை. சர்க்கரைப் பக்கத்துக்கு இரண்டு. ஈறுப் பக்கத்துக்கு இரட்டையர் ஆய்வுப் பத்திக்காக இரண்டரை. ஈறையும் சர்க்கரையும் சேர்த்த 14ஆம் பக்கத்துக்குச் சுழியம். அதை எடுத்துவிட்டு விற்றால் நல்லது. ஆலோசகருக்கு ஐந்து. ஏற்கெனவே சர்க்கரை இருந்து ஈறில் ரத்தமும் வருகிறவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டாம், நேராகப் போய் அந்த ஆறு இட அளவை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் சிறு வயதிலேயே பல் ஆடி விழுந்தவர்கள் இருந்தால், சர்க்கரை இல்லை என்று நினைக்கிறவர்களும் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

அறிக்கையை நான் இன்னும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். 14ஆம் பக்கத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது 162 எண்கள் உள்ள அட்டைகள் இரண்டு இருக்கின்றன. அண்ணனுடைய அட்டையும் போன வாரம் வந்து சேர்ந்தது. அவனுக்கு 28 பல், 168 எண்கள், அதில் 22 இடங்களில் 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும்.